ஊறுகாய் நம்பர்

நெடுங்கண்டம் கடையில் ஒருவர் சுக்குக் காப்பிப் பொடி பாக்கெட் ஒன்றை எடுத்துப் பில் போடக் கொடுத்தார். பாக்கெட்டின் முதுகில் இருந்த கோடுகளை மெஷினுக்குக் காட்டியதும் திரையில் நாரங்கா, அதாவது எலுமிச்சை ஊறுகாய் என்று வந்தது. பில் போடுகிற பெண் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள், துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். மெஷின் விடாப்பிடியாக ஊறுகாய் என்றே சொன்னது. அதே வாரம் குமுளியில் ஒரு அம்மாள் போனிலேயே ஊறுகாய்க்கு ஆர்டர் போட்டு, வீடு தேடி வந்த பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே காப்பிப் பொடி. கஞ்சியை ஆற்றி வைத்துக்கொண்டு தொட்டுக்கொள்ள ஊறுகாய்க்குக் காத்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? கடைக்கே வந்து கிழி கிழியென்று கிழித்துவிட்டுப் போயிருக்கிறார்.

பொன்னருவி மார்ட்டுக்கு மலையில் நாலு ஊரில் கடை. நாலிலும் இருந்த காப்பிப் பொடியை வாரி அட்டைப்பெட்டிகளில் போட்டு, வண்டிப்பெரியாருக்கு வருகிற வேனில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெட்டிகள் வந்து இறங்கியபோது எப்சிபா சுக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட்டில் ஒரு காலத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் க்ரஷ் இருந்த கட்டடம் அது. பிள்ளைகளும் இல்லை, ஆயாவும் இல்லை என்றான பிறகு பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்து வாங்கி, இப்போது அதில்தான் வேலை. வெளியே மழை பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மழையில் சுக்கு நமத்துப் போகும், மல்லி நமத்துப் போகும், ஏலக்காய்த் தோல் கையோடு ஒட்டும். எல்லாவற்றையும் ஒரு சூடு காட்டி எடுத்தால்தான் மில்லில் மாவாகும். கூட வேலை பார்க்கிற ரோசி ஒரு மூலையில் உட்கார்ந்து கருப்பட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வேன்காரன் பெட்டிகளை வாசலில் அடுக்கிவிட்டு, ஜோபி சார் போன் பண்ணச் சொன்னார் என்று மட்டும் சொல்லி நகர்ந்தான்.

எப்சிபா சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெட்டியைப் பிரித்தாள். எல்லாம் அவர்கள் கட்டிய பாக்கெட்டுகள். ஒன்றுகூடப் பிரியவில்லை, பொத்தலாகவில்லை.

"பூஞ்சை கீஞ்சை புடிச்சிருச்சா?" என்றாள் ரோசி.

பூஞ்சை பிடித்திருந்தால்கூட எப்சிபாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தப்பு இன்னதென்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

அவளுக்கு இது ஏதோ ஒரு சரக்கு திரும்பி வந்த விஷயம் இல்லை. அவள் புருஷன் சகாயம் திருப்பூரில் சாயப் பட்டறையில் கிடந்து சாகிறான். இவள் கொழுந்து கிள்ளிய தேயிலைக் காட்டு டிவிஷனை எஸ்டேட்காரர்கள் மூடி வைத்திருக்கிறார்கள். அவள் பேரில் எஸ்டேட் நம்பர் இருக்கிறது, வேலை இல்லை. கிறிஸ்துமஸ் சரக்குக்கு பொன்னருவிக்காரர்கள் நாலு கடைக்கும் சேர்த்துப் பெரிய ஆர்டர் தருவதாகப் பேச்சு இருந்தது. அது வந்தால் சகாயம் ஊருக்கு வந்துவிடுவான், பொடி அரைக்க ஒரு மெஷின் போட்டுக் கூடவே நிற்பான். வராவிட்டால் இவள் கதவைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் போக வேண்டும். "ஒண்ணு நீ வா, இல்ல நான் வாரேன். இப்பிடி ஆளுக்கொரு பக்கமா கெடக்க முடியாது" என்று அவன் தீர்த்துச் சொல்லியிருந்தான். திருப்பூர் எப்சிபாவுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரு தடவை போய் அங்கே தங்கிவிட்டு, வெயிலிலும் தறிச் சத்தத்திலும் தூக்கம் கெட்டு, பஸ் கம்பம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும்தான் மூச்சு விட்டாள். அவள் போவதாக இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குள் இரண்டாம் பேச்சே கிடையாது.

மறுநாள் காலை பஸ்ஸில் குமுளிக்குப் போனாள். ஜோபி அங்கே பொன்னருவிக் கடைக்கு மேனேஜர். கெட்டவரில்லை, ஆனால் பில் போடுகிற இடத்தில் வரிசை நின்றால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். சனிக்கிழமை கிறிஸ்துமஸ் சரக்கு லிஸ்ட் முடிவாகிறது, வெள்ளிக்குள் நம்பர் சரியாகி மெஷினில் ஏறினால் பார்க்கலாம், இன்னொரு தடவை தகராறு வந்தால் சப்ளையர் பேரையே எடுத்துவிடுவேன் என்று மலையாளத்தில் மளமளவென்று சொல்லிவிட்டு, சிஞ்சுவைப் போய்ப் பார் என்று பின்கட்டைக் காட்டினார்.

சிஞ்சு சித்திரபுரத்துப் பெண். அப்பா கரண்ட் ஆபீஸில் லைன்மேன். நாலு கடைக்கும் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் அவள் தலையில்தான். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை, அதன் மேல் திரை, பக்கத்தில் பால் விடாத, ஆறிப்போன கட்டன் சாயா. பில் நின்றால் முதல் திட்டு அவளுக்குத்தான் விழும் என்பதால் எப்சிபாவைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் கடுத்தது.

"சேச்சி, ஊறுகாய் நம்பரை எதுக்குக் காப்பில ஒட்டினீங்க?"

எப்சிபாவுக்குக் கேள்வியே புரியவில்லை. ஊறுகாய் போடுவதை நிறுத்தியாயிற்று. அந்த நம்பர் சும்மா கிடந்தது. காப்பிக்குக் கொடுத்தார்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது?

சிஞ்சுவிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. எஸ்டேட்டில் பிறந்த ஆளாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டார்கள். எஸ்டேட்டில் ஆளுக்கு ஒரு செக்ரோல் நம்பர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் பேரைக் கூப்பிட மாட்டார்கள், நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். கொழுந்து நிறுத்தால் நம்பருக்கு நேரே எடை விழும். ஒரு பொம்பளை ரிட்டயர் ஆனாலோ கண்ணை மூடினாலோ அந்த நம்பர் மகளுக்கோ மருமகளுக்கோ வரும். நம்பர் வந்தால் வேலை வந்தது, எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் கையை விட்டுப் போகாது. ரோசியிடம் இருப்பது அவள் மாமியாரின் நம்பர். அந்த மாமியாரிடம் இருந்தது அவருடைய மாமியாரின் நம்பர். ஆள் மாறும், நம்பர் வீட்டோடு கிடக்கும். ஊறுகாய் போனால் அதன் நம்பர் காப்பிக்கு வருவதைவிட நியாயமான காரியம் உலகத்தில் என்ன இருக்கிறது?

"பேர மட்டும் மாத்திருங்களேன்" என்றாள் எப்சிபா. "கம்ப்யூட்டர்ல ஊறுகாய்னு இருக்கத அழிச்சிட்டுக் காப்பினு எழுத எம்புட்டு நேரமாவும்?"

சிஞ்சு திரையைத் திருப்பிக் காட்டினாள். நெடுங்கண்டம் கடையில் பழைய ஊறுகாய் பாட்டில்கள் இன்னும் அலமாரியில் இருந்தன. பேரை மாற்றினால் அந்தப் பாட்டிலை எடுத்தவருக்குக் காப்பி என்று பில் வரும். ஊறுகாய்க்குக் கெடு ஒரு வருஷம், காப்பிப் பொடிக்கு ஆறு மாசம். நம்பர் ஒன்றாக இருந்தால் கெட்டுப்போன பொடியையும் மெஷின் நல்லது என்றே நினைத்து விற்கும். யாராவது வயிற்று வலி என்று வந்தால் எந்தச் சரக்கு என்று தேடக்கூட முடியாது.

"பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது சேச்சி. நம்பர் என்ன சொல்லுதோ அதான் அதுக்கு வேதம். ஒரு நம்பருக்கு ஒரு பொருள்தான்."

கெட்டுப்போன பொடி என்ற பேச்சு எப்சிபாவுக்குச் சுருக்கென்றது. அவள் அதுவரை இதை மெஷினின் அடமாகத்தான் நினைத்திருந்தாள். சிஞ்சுவுக்கும் கோபம் தணிந்தது. உங்கள் பேரில் ஒரு கட்டு நம்பரே வாங்கி வைத்திருக்கிறது, முன்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அது வீட்டுப் பேர் மாதிரி, பின்னால் மட்டும்தான் பொருளுக்குப் பொருள் மாறும், அதில் புதிதாக ஒன்றை எடுத்துப் பதிந்து அனுப்புங்கள் என்றாள். பதிகிற தளத்துக்குள் போக ஒரு ஓடிபி வரும். யாருடைய போனுக்கு வரும் என்று பார்த்துச் சொன்னாள். ஜீவிதா என்று இருந்தது.

ஜீவிதா எப்சிபாவின் அக்கா. ஊறுகாய் அவளுடையது, தொழிலை ஆரம்பித்ததும் அவள். மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் போன பிறகு எப்சிபாவும் ரோசியும் அதே உப்பு, அதே மிளகாய், அதே நல்லெண்ணெய் என்று போட்டுப் பார்த்தார்கள். அந்த ருசி வரவே இல்லை. அதனால்தான் சுக்குக் காப்பிக்கு மாறினார்கள். அவள் போன் இப்போது அவள் புருஷன் சுவக்கீனிடம் இருக்கிறது. யாரும் அதில் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அவன் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறான், சிம்மும் உயிரோடு இருக்கிறது.

சுவக்கீன் எஸ்டேட்டில் மருந்தடிக்கிற ஆள். அன்று சாயங்காலம் அவன் டேங்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தபோது எப்சிபா மரவள்ளிக் கப்பையை வேகவைத்துக் காந்தாரி மிளகாய் அரைத்து அவன் லயத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். வீட்டில் தனி ஆள் என்பதால் அவன் சாப்பாட்டை அவளும் ரோசியும்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். அவன் தின்று முடிக்கும் வரை பொறுத்திருந்து விஷயத்தைச் சொன்னாள். புது நம்பர் எடுக்க வேண்டும், பழையதை நிறுத்த வேண்டும், அக்கா போன் வேண்டும்.

அவன் கையைக் கழுவினான். துடைத்தான். போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"அவ நம்பரு காப்பிலதான் இருக்கும்" என்றான்.

காப்பிக்கு அந்த நம்பரைக் கொடுக்கச் சொன்னதும் அவன்தான். வீட்டோட இருக்கட்டும் என்று அன்றைக்கு அவன் சொன்னபோது மூன்று பேருக்குமே மனசு நிறைந்து போயிருந்தது.

எப்சிபாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தில் ஒரு குறுக்கு வழி பார்த்தாள். க்ரஷில் ரோசியோடு உட்கார்ந்து பழைய நம்பரை எடுத்து, கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டினாள். லயத்தில் ஒரு வீட்டுக்கு அடுத்த வீடு எப்படியோ அப்படித்தான் நம்பருக்கு அடுத்த நம்பரும் என்பது அவள் நினைப்பு. ஓடிபியும் வேண்டாம், மச்சானும் வேண்டாம். போட்டோ எடுத்து சிஞ்சுவுக்கு அனுப்பினாள். ரோசிக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. யாரிடமும் கேட்காமல் நாமாக நம்பர் போட்டுக்கொண்டால் மஸ்டரில் விடுவானா என்றாள். இது மஸ்டர் இல்லை என்றாள் எப்சிபா.

அரை மணி நேரத்தில் சிஞ்சு போன் செய்தாள். மெஷின் அந்த நம்பரை வாசலிலேயே துரத்திவிட்டது. பக்கத்தில் நின்ற ஜோபி அதைப் பார்த்துவிட்டுக் கள்ள நம்பரா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். கள்ள என்ற சொல் எப்சிபாவைக் குத்தியது. கொழுந்து எடையில் ஒரு கிலோ கூட அவள் ஏமாற்றியதில்லை.

"எப்பிடிக் கண்டுபுடிச்சுது? புது நம்பர அது முன்ன பின்ன பாத்ததில்லையே."

கடைசி எண் சொந்த எண் இல்லை, முன்னால் இருக்கிற பன்னிரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு வருகிறது என்றாள் சிஞ்சு. கணக்கையும் சொல்லிக் கொடுத்தாள். இடமிருந்து ஒன்றை அப்படியே எடு, அடுத்ததை மூன்றால் பெருக்கு, அதற்கடுத்ததை அப்படியே எடு, இப்படியே பன்னிரண்டு வரை. எல்லாவற்றையும் கூட்டு. அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி எண். குறைவே இல்லையென்றால் பூஜ்யம்.

எப்சிபா அதை அப்படியே விடவில்லை. போனை வைத்துவிட்டு, திரும்பி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து விரித்து அதில் பேனாவால் கணக்குப் போட்டாள். வீட்டிலிருந்த சோப்புக் கவரை எடுத்து வந்து அதன் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. பிஸ்கட் கவர், சரியாக வந்தது. ரோசி கொடுத்த உப்புப் பாக்கெட் முதலில் உதைத்தது. பிறகு பார்த்தால் ரோசி ஒன்பதை ஏழு என்று வாசித்திருந்தாள். திருத்திப் போட்டதும் அதுவும் சரியாக வந்தது. அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் இரண்டு பேரும் கையில் அகப்பட்ட கவரையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரைக் கண்டாலே ஓடி ஒளிந்த எப்சிபாவுக்கு இது விளையாட்டு மாதிரி இருந்தது.

"வரிசைக் கடைசியில நிக்க கணக்கப்பிள்ளை மாதிரில இருக்கான்" என்றாள் ரோசி. "முன்னால ஒருத்தி எடம் மாறி நின்னாலும் சத்தம் போட்டுருவான்."

கடைசியில் எப்சிபா தன் குறுக்கு வழி நம்பரைப் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. மாற்ற வேண்டியது அதற்கு முந்தைய எண்ணை. கடைசி எண் அதன்படி தானாக வந்து விழும். அப்படி ஒன்றைக் கட்டினாள். கணக்கு அழகாக ஒத்துப் போனது. உடனே சிஞ்சுவைக் கூப்பிட்டாள்.

சிஞ்சு சிரித்தாள். கணக்கு சரி சேச்சி, ஆனால் பதியாத வரை அது ஊர் பேர் இல்லாத நம்பர், கணக்கு ஒத்தால் மட்டும் போதாது, இன்னாருடைய இன்ன பொருள் என்று பதிவில் இருக்க வேண்டும், நான் அதையும் சரிபார்த்துத்தான் ஏற்றுவேன் என்றாள். திரும்பத் திரும்ப எல்லா வழியும் சுவக்கீனின் சட்டைப் பைக்குத்தான் வந்து நின்றது.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. மழை விட்டால் மருந்தடிக்கிறவர்களுக்கு ஓய்வு இல்லை. எப்சிபா மேட்டுக் காட்டுக்கு ஏறிப் போனாள். பனிமூட்டமாகக் கோடமஞ்சு இறங்கித் தேயிலைச் செடிகளின் தலை மட்டும் தெரிந்தது. மருந்து நெடியை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சுவக்கீன் அவளைப் பார்த்ததும் பம்பை நிறுத்தி, டேங்கை முதுகிலிருந்து இறக்கி வைத்தான். முகத்தில் கட்டியிருந்த துண்டை மட்டும் அவிழ்க்கவில்லை.

"எதுக்கு இந்த நெடிக்குள்ள வார?"

"நீங்க கீழ பேச மாட்டேங்கிய. அதான் மேல வந்தேன்."

"பேச ஒண்ணுமில்ல புள்ள."

"இருக்கு மச்சான். நாளைக்கழிச்சு வெள்ளிக்கெழமை. அதுக்குள்ள புது நம்பரு ஏறலைன்னா கடைக்காரன் நம்மள எடுத்துருவான்."

அவன் துண்டை இறக்கினான். மருந்து பட்டு உதடு வெளுத்திருந்தது.

"அவளுக்கு மண்ணு போட்டு வந்து ஒரு வாரம் ஆகல" என்றான். "மஸ்டர்ல நிக்கேன். அவ நம்பரக் கூப்பிடுதான். எவளோ ஒருத்தி ஆஜர்ங்கா. நான் திரும்பிப் பாக்கேன். அவதான் வந்துட்டாளோன்னு ஒரு நிமிசம் நெனச்சுட்டேன் புள்ள. பாத்தா யாரோ வெளியூர்க்காரி. நமக்குப் புள்ளை இல்ல, ஒனக்கு ஒம் புருசன் வீட்டு நம்பரு இருக்கு. அதனால வெளியாளுக்குக் குடுத்துட்டானுவ. ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கல. இன்னிக்கும் தெனம் காலையில அந்த நம்பரக் கூப்பிடுதான். தெனம் ஒருத்தி ஆஜர்ங்கா. நான் அங்கனதான் நிக்கேன்."

எப்சிபாவுக்கு இது தெரியும். ஆனால் அவன் வாயால் கேட்டதில்லை. அவன் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியே அவள் கேட்டதில்லை. அழுகை வந்தது, அழுதால் சொல்ல வந்தது போய்விடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"ஒங்களுக்கு மட்டுந்தான் அவ செத்தாளா? எனக்கும்தான் செத்தா. அக்கா இந்தத் தொழில எதுக்கு ஆரம்பிச்சா மச்சான்? நம்பருக்கா? காடு மூடினாலும் நம்ம சனம் இங்கனயே பொழைக்கணும்னுதான ஆரம்பிச்சா? கடையில எடுக்கலைன்னா நான் திருப்பூருக்குப் போயிருவேன். ரோசியக்கா மறுபடி கொழுந்து வெட்டக் கத்தரி புடிக்கப் போயிருவாக. பொறவு அந்த நம்பர எதுல ஒட்டுவிய?"

அவன் செடிப் பக்கம் திரும்பினான். ஒரு கொழுந்தைக் கிள்ளி விரலில் வைத்து நசுக்கினான். பிறகு சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றி, பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்த போனை எடுத்து நீட்டினான்.

"எடுத்துக்கோ" என்றான். "அங்க மஸ்டர்லயும் குடுத்தாச்சு. இங்கயும் குடுத்தாச்சு."

போனை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஜெயித்த மாதிரி இல்லை. அக்காவின் பொருள் எதையோ அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுகிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

நம்பர் பதிந்து வந்ததும் பிரஸ்காரர் ஜிஜோ வண்டிப்பெரியாரில் ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார். பழசின் மேலேயே புதுசை ஒட்டிவிடலாம் என்று இவர்கள் நினைத்திருந்தார்கள். ஓரத்தில் பழைய கோடு ஒரு கீற்றுத் தெரிந்தாலும் மெஷின் அதைப் பிடித்துக்கொள்ளும் என்று சிஞ்சு எச்சரித்துவிட்டாள். எனவே ஒவ்வொரு பாக்கெட்டிலும் பழையதை உரித்தாக வேண்டும். அந்த ஈரக் காற்றில் அது உரிந்தால்தானே. பாதி வரும், பாதி பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ரோசி ஒரு வழி கண்டுபிடித்தாள். சுக்கு வறுத்த சட்டியின் வெதுவெதுப்பில் பாக்கெட்டின் முதுகைக் கொஞ்சம் காட்டினால் பசை இளகியது. இளகியதும் எப்சிபா நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி இழுத்தாள். மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தார்கள். எண்ணெய் இருந்தால் புதுசு ஒட்டாது என்பதால் அதைச் சாம்பல் தொட்டு இன்னொரு தடவை துடைத்தார்கள். அதன் பிறகுதான் புது ஸ்டிக்கர். சுருக்கம் விழுந்தால் மெஷினுக்குப் படிக்காது. மத்தியானத்துக்குள் இரண்டு பேருக்கும் நகக்கண் எரிந்தது. கட்டன் சாயாவையும் பன்னையும் தின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

உரித்து எடுத்த பழைய ஸ்டிக்கர்கள் ஒரு மூலையில் சுருண்டு சுருண்டு கிடந்தன. வேலை விட்டு வந்த சுவக்கீன் வாசலில் நின்று அவற்றைப் பார்த்தான். உள்ளே வந்து உட்கார்ந்து, புது ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட்டுகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான். எப்சிபா ரோசியைப் பார்த்தாள். ரோசி பேசாமலிரு என்று கண்ணைக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை அவனும் கூட வந்தான். லீவு போட்டுவிட்டு, பெட்டிகளைச் சாக்கில் கட்டி பஸ்ஸின் மேலேற்றி, குமுளியில் இறக்கி, கடையின் பின்கட்டு வரை தோளில் சுமந்து வந்தான். கொடுத்த வாக்குக்காக வருகிறவன் போல வந்தான்.

சிஞ்சு முதலில் புது நம்பரைத் தட்டினாள். மெஷின் துரத்தவில்லை. பதிவில் தேடினாள், சுக்குக் காப்பிப் பொடி, எடை, யாருடையது என்று எல்லாம் வந்தது. கெடு ஆறு மாசம் என்று போட்டு ஏற்றினாள். பிறகு பாக்கெட்டுகளைக் கண்டபடி உருவி எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் காப்பி என்றே வந்தது. ஜோபி வந்து தானே ஒரு பெட்டியின் அடியிலிருந்து இரண்டை உருவிக் காட்டிப் பார்த்தார். அவையும் காப்பி என்றன. சரி, நாலு கடைக்கும் எழுதிக்கொள், கிறிஸ்துமஸ் வரைக்கும் வாரா வாரம் சரக்கு வர வேண்டும் என்று சிஞ்சுவிடம் சொன்னார். போகிறபோது எப்சிபாவிடம், அன்றைக்குக் கள்ள நம்பர் என்று சொன்னதை மனசில் வைக்க வேண்டாம் என்றார்.

எப்சிபா அப்படியே அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே சகாயத்தைக் கூப்பிட்டு, பட்டறையில் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புங்கள் என்றாள். அந்தப் பக்கம் மெஷின் சத்தத்தில் அவன் என்ன என்ன என்று கத்தினான். வாங்க என்று இவளும் கத்தினாள். கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை.

சிஞ்சு அதற்குள் ஊறுகாயின் பக்கத்தைத் திறந்திருந்தாள். நெடுங்கண்டத்துப் பாட்டில்கள் விற்று முடிந்திருந்தன. விற்பனை நிறுத்தம் என்று போட்டாள். சாக்குகளை மடித்துக்கொண்டிருந்த சுவக்கீன் நிமிர்ந்தான். அன்று அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அந்த நம்பரு இனி யாருக்கு?"

சிஞ்சுவுக்குப் புரியவில்லை. "எந்த நம்பர் சேட்டா?"

"ஊறுகா நம்பரு. இப்ப எடுத்தாச்சுல்ல. இனி எந்தக் கம்பெனிக்காரனுக்குக் குடுப்பாக?"

"யாருக்கும் குடுக்க மாட்டாங்க."

"நாள்பட்டுக் குடுப்பாகல்லா."

"எப்பவும் இல்ல. ஊறுகாய் வராட்டாலும் அது அந்த ஊறுகாய் நம்பர்தான்."

"ஆபீஸ்ல இப்பிடித்தான் சொல்லுவாக" என்றான் சுவக்கீன். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போன விஷயத்தைச் சொல்லுகிற மாதிரி சொல்லிவிட்டு மறுபடி சாக்கை மடிக்கப் போனான்.

சிஞ்சுவுக்குத் தன் மெஷினை யாரும் நம்பாவிட்டால் பொறுக்காது. இங்க வாங்க என்று அவனைக் கூப்பிட்டாள். புதிய பொருள் என்ற பக்கத்தைத் திறந்தாள். பொருளின் பேர் பிஸ்கட் என்று அடித்தாள். நம்பர் கேட்ட இடத்தில் ஜீவிதாவின் ஊறுகாய் நம்பரை அடித்துத் தட்டினாள். திரையில் சிவப்பாக ஒரு பட்டை வந்து விழுந்தது. இங்கிலீஷில் இருந்ததை அவள் தமிழில் சொன்னாள்.

"இந்த நம்பர் இன்னொரு பொருளுக்குச் சொந்தம். வேற எதுக்கும் குடுக்க முடியாது."

சுவக்கீன் குனிந்து அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்தான்.

"நீங்களே நெனச்சாலும் முடியாதா?"

"முடியாது. நான் இல்ல, ஜோபி சார் இல்ல, யார் வந்து அடிச்சாலும் இதத்தான் சொல்லும்."

அவன் கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்தான். "சோப்புனு போட்டுப் பாருங்க" என்றான்.

சிஞ்சு சோப்பு என்று போட்டாள். சிவப்புப் பட்டை வந்தது.

"அரிசி."

அரிசிக்கும் வந்தது.

எப்சிபா எழுந்து வந்து அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மேட்டுக் காட்டில் அடக்கிய அழுகை இப்போது தாராளமாக வந்தது. அவள் துடைக்கவில்லை. இதே மெஷின் மாட்டேன் என்றுவிடுமோ என்று பயந்துதான் இந்த வாரம் முழுக்க அலைந்தாள். இப்போது அந்தச் சிவப்புப் பட்டை வந்து வந்து விழ விழ அவளுக்குள் ஏதோ ஒன்று ஆறிக்கொண்டே வந்தது.

வாசலில் பில் போடுகிற பெண் சிஞ்சுவை அவசரமாகக் கூப்பிட்டாள். சிஞ்சு எழப்போனாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றான் சுவக்கீன்.

சிஞ்சு அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன பொருள் என்று கேட்கவில்லை. உட்கார்ந்து, நம்பரை மறுபடியும் அடித்தாள்.